வெள்ளி இருக்கப் பீங்கான் எதற்கு? ப்ரூல் பிரபுவின் அன்னத் தட்டுகள்

கேள்வி: "ஓர் அருங்காட்சியகப் படத்தில் இரண்டு அன்னங்கள் பொறித்த வெள்ளைத் தட்டு ஒன்றைப் பார்த்தேன். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ஒரே ஒரு பிரபுவுக்காக இந்த வரிசையில் 2,000க்கும் மேல் செய்தார்களாம். வெள்ளித் தட்டு வாங்கும் வசதி இருந்தவர்கள், கைதவறினால் உடையும் பீங்கானுக்கு ஏன் இப்படிச் செலவழித்தார்கள்?"

நீங்கள் பார்த்தது 'அன்னத் தொகுப்பு' என்று பெயர்பெற்ற உணவுப் பாத்திர வரிசையில் ஒரு தட்டு. சாக்சனி நாட்டின் மைசென் ஊரில், ஹைன்ரிஷ் ஃபான் ப்ரூல் என்ற அமைச்சருக்காக 1737 முதல் 1742 வரை செய்தார்கள். மொத்தம் 2,200 உருப்படிகளுக்கு மேல். உங்கள் கேள்வியில் ஒரு திருத்தம் மட்டும் உண்டு: ப்ரூல் இதற்குக் கைக்காசு செலவழிக்கவில்லை. அது எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் வெள்ளியைப் பேசிவிடலாம்.

நம் வீடுகளில் நகை எப்படியோ, அந்தக் காலத்து ஐரோப்பியப் பிரபுவுக்கு வெள்ளித் தட்டு அப்படி. நாலு பேர் பார்க்கும்படி வைத்துக்கொள்ளலாம். பணமுடை வந்தால் உருக்கிவிடலாம். பிரான்ஸின் 14ஆம் லூயி 1689இல் போர்ச்செலவைச் சமாளிக்க வெர்சாய் அரண்மனையின் வெள்ளி மேசைகளையும் விளக்குத் தண்டுகளையும் உருக்கி நாணயமாக்கினார். 1709இல் மறுபடியும் அதே கதை. இந்த முறை பிரபுக்களும் தங்கள் வெள்ளிப் பாத்திரங்களை நாணயச்சாலைக்கு அனுப்பினார்கள். சாப்பிடத் தட்டு வேண்டுமே! அதுவரை நடுத்தர வீட்டுச் சாமானாக இருந்த, வெள்ளைப் பூச்சின்மேல் சித்திரம் தீட்டிய மண் தட்டுகள் அப்போதுதான் பெரிய வீட்டு மேசைகளுக்கு வந்தன.

இன்னொரு காரணம் நம் ஊர் ஆட்களுக்குச் சட்டென்று புரியும். வெள்ளி டம்ளரில் கொதிக்கக் கொதிக்கக் காப்பி ஊற்றினால் விரலும் சுடும், உதடும் சுடும். தேநீர், காப்பி, சாக்லேட் மூன்றும் ஐரோப்பாவில் பரவியது 17ஆம் நூற்றாண்டில். மூன்றும் சூடாகக் குடிப்பவை. சீனாவிலிருந்து கப்பலில் வந்த பீங்கான் கிண்ணம் அதற்கென்றே செய்ததுபோல் இருந்தது: சூட்டை அவ்வளவு வேகமாகக் கடத்தாது, வாசனை பிடிக்காது, நகத்தால் தட்டினால் மணிபோல் ஒலிக்கும், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் விரலின் நிழல் மறுபக்கம் தெரியும். இதை எப்படிச் செய்கிறார்கள் என்று ஐரோப்பாவில் யாருக்கும் தெரியவில்லை. ஃப்ளாரன்ஸில் மெடிச்சி குடும்பத்தார் 1570களிலேயே முயன்று பார்த்தார்கள். ஓரளவு ஒத்த பொருள்தான் வந்தது, அதுவும் கொஞ்சம்தான்.

சாக்சனியை ஆண்டவரும் போலந்தின் அரசருமான 'வலிமைமிக்க' அகஸ்டஸுக்கு இது பித்தாகவே பிடித்துவிட்டது. தனக்குப் பீங்கான் நோய் என்று அவரே சொல்லிக்கொண்டவர். 1717இல் தன் படையிலிருந்து 600 குதிரைவீரர்களைப் பிரஷ்யாவின் அரசருக்குக் கொடுத்து, பதிலுக்கு 151 சீனப் பீங்கான்களை வாங்கினார். அவற்றில் இருந்த பெரிய நீல-வெள்ளை ஜாடிகளுக்கு இன்றும் 'குதிரைவீரர் ஜாடிகள்' என்றுதான் பெயர். பிரஷ்ய அரசருக்குப் படைதான் பித்து. ஆளுக்கொரு பைத்தியம்; பேரம் இரண்டு பக்கமும் திருப்தியாக முடிந்தது.

அந்த 1717க்குள் அகஸ்டஸின் சொந்த நாட்டிலேயே பீங்கான் செய்யத் தொடங்கியிருந்தார்கள் என்பது வேடிக்கை. அதைச் செய்தவர் ஒரு கைதி. யோகான் ஃபிரெடரிக் போட்கர், 1682இல் பிறந்தவர், பெர்லினில் ஒரு மருந்துக்கடையில் தொழில் பழகிய பையன். ஈயத்தைத் தங்கமாக்கத் தெரியும் என்று பெயர் பரவிவிட்டது. பிரஷ்ய அரசர் பிடிக்கப் பார்க்க, 1701இல் எல்லை தாண்டி சாக்சனிக்கு ஓடினார். அங்கே அகஸ்டஸ் பிடித்து வைத்துக்கொண்டார். தங்கம் வரும் வரை காவல். தங்கம் எப்படி வரும்? தலை தப்பியதே எரென்ஃபிரைட் வால்டர் ஃபான் ஷிர்ன்ஹௌஸ் என்ற அறிவியலாளரால்தான். பெரிய பெரிய குவிகண்ணாடிகளால் சூரிய ஒளியைக் குவித்துக் கல்லையும் மண்ணையும் உருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். தங்கத்தை விட்டுவிட்டுப் பீங்கானைப் பார் என்று போட்கரைத் திருப்பிவிட்டார்.

முதலில் வந்தது வெள்ளை அல்ல, சிவப்பு. நம் ஊறுகாய் ஜாடி இருக்கிறதே, உப்பும் எண்ணெயும் கசியாத அந்தக் கெட்டி ஜாதி. கடும் சூட்டில் மண் இறுகிக் கல்லாகிவிடும். அதை வைரக்கல் தீட்டுவதுபோல் தீட்டிப் பளபளப்பாக்கலாம். வெள்ளைக்கான குறிப்பு 1708 ஜனவரி 15ஆம் தேதியிட்ட ஒரு தாளில் இருக்கிறது: களிமண்ணும் அலபாஸ்டர் கல்லும் வெவ்வேறு அளவில் கலந்த கலவைகள், சூளையில் எத்தனை மணி நேரத்துக்குப் பின் என்ன ஆயின என்ற பதிவு. தேறிய கலவைகளுக்கு எதிரே லத்தீனில், வெள்ளை, ஒளி ஊடுருவுகிறது என்று எழுதியிருக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் ஷிர்ன்ஹௌஸ் இறந்துபோனார். கண்டுபிடிப்பில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று இன்றைக்கும் சண்டை உண்டு. என்னைக் கேட்டால் சூளையும் முறையும் ஷிர்ன்ஹௌஸுடையவை, பிடிவாதம் போட்கருடையது. (பொய்முடிக்குப் பூசிய மாவு கனமாக இருந்ததால் அதில் வெள்ளைக் களிமண்ணைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை சுற்றுகிறது. நல்ல கதைதான், நம்ப வேண்டியதில்லை.)

1710 ஜனவரியில் அரசாணை வந்தது. ஜூனில் தொழிற்சாலை மைசென் ஊரில் எல்பே ஆற்றின் மேலே குன்றில் நிற்கும் அல்பிரெக்ட்ஸ்புர்க் கோட்டைக்குக் குடியேறியது. தொழிற்சாலைக்கு அதைவிட மோசமான இடம் கிடைக்காது. மண், விறகு எல்லாம் மேட்டில் ஏற்ற வேண்டும். ஆனால் ரகசியத்தைக் காப்பாற்றக் கோட்டைதானே சரி! மண் கலவை தெரிந்தவர் வேறு, மேற்பூச்சு தெரிந்தவர் வேறு. அப்படியும் 10 ஆண்டுகூடத் தாங்கவில்லை. ஆட்களை இழுத்து வியன்னாவில் 1718இல் போட்டித் தொழிற்சாலை வந்துவிட்டது. மைசெனிலிருந்து அங்கே ஓடிய ஸாமுவேல் ஷ்டோல்ட்ஸெல் 1720இல் திரும்பி வந்தபோது, மன்னிப்புக்குக் காணிக்கைபோல யோகான் கிரெகோரியுஸ் ஹெரோல்ட் என்ற ஓவியரையும் கூட்டிவந்தார். மைசெனின் வண்ணங்கள் அவரால் வந்தவை. போட்கர் அதைப் பார்க்கவில்லை. 1719இல், 37 வயதில், குடியாலும் சூளைப் புகையாலும் உடல் கெட்டுப் போய்ச் சேர்ந்திருந்தார்.

சரி, பீங்கான் வந்துவிட்டது. உடனே விருந்துத் தட்டுகள் வந்தனவா? இல்லை. முதல் 20 ஆண்டுகளில் பெரும்பாலும் தேநீர்க் கிண்ணங்கள், காப்பிக் குவளைகள், அலங்கார ஜாடிகள், சின்னச் சின்னச் சாமான்கள். காரணம் எளிது: சூளையில் இருப்பதிலேயே தொந்தரவான உருவம் தட்டு. நிஜப் பீங்கான் ஏறத்தாழ 1,400 டிகிரி செல்சியஸில் வேகும். அந்தச் சூட்டில் மண் பாதி கண்ணாடியாகி இளகிப்போய் நிற்கும். கிண்ணத்தின் வளைவு தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். தட்டின் நடு தொய்யும், விளிம்பு நெளியும். போதாக்குறைக்கு வெந்து முடிப்பதற்குள் உருப்படி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கும். 24 அங்குலத்துக்கு வார்த்தால் 20 அங்குலம் கைக்கு வரும், அதுவும் வட்டமாக வந்தால். ஒரே அளவில், ஒன்றின்மேல் ஒன்று உட்காரும்படி நூற்றுக்கணக்கில் தட்டுகள் செய்வது என்றால், அந்தத் தொழிற்சாலைக்கு மண்ணும் நெருப்பும் முழுக்க வசப்பட்டுவிட்டது என்று அர்த்தம். விருந்துக்கு வந்த வெளிநாட்டுத் தூதர் மேசையில் படித்தது அதைத்தான். வெள்ளி எந்த அரசரிடமும் இருக்கும். இது சாக்சனியில்தான் விளையும்.

உங்கள் கேள்விக்கு என் நேர் பதில் இந்த இடத்தில் இருக்கிறது. வெள்ளித் தட்டைப் பார்த்தால் எடை போட்டு விலை சொல்லிவிடலாம். பீங்கானில் சரக்கு வெறும் மண், மதிப்பு அத்தனையும் கைவேலையும் ரகசியமும். வெள்ளி இருக்கிறது என்பது பணக்காரன் என்று சொல்லும். இந்தப் பீங்கான் இருக்கிறது என்பது, அரசரின் சூளை எனக்காக எரிகிறது என்று சொல்லும்.

இனி ப்ரூல். அகஸ்டஸ் 1733இல் இறந்தார். மகன் மூன்றாம் அகஸ்டஸுக்கு ஓவியமும் வேட்டையும் பிடிக்கும், கோப்புகள் பிடிக்காது. கோப்புகளை ப்ரூல் பார்த்துக்கொண்டார். அதே 1733இல் பீங்கான் தொழிற்சாலையின் மேற்பார்வையும் அவரிடம் வந்தது. தனக்கு வேண்டிய பீங்கானை விலையில்லாமல் எடுத்துக்கொள்ள அரசரின் அனுமதியும் கிடைத்தது. பரிமாறுகிறவன் நம்மவனானால் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தால் என்ன என்பார்கள். இங்கே பரிமாறுகிறவரும் அவரே, முதல் பந்தியில் முதல் இலையும் அவருக்கே.

ஒரு போட்டியும் இருந்தது. அரசருக்கு நெருக்கமான இன்னொரு அமைச்சர் சுல்கோவ்ஸ்கி. குலச்சின்னம் பொறித்த பெரிய விருந்துத் தொகுப்பு ஒன்றை 1735 வாக்கில் மைசெனில் தொடங்கி வைத்தவர் அவர். ப்ரூலின் தொகுப்பு அதையெல்லாம் விழுங்கும் அளவில் திட்டமிடப்பட்டது. 1738இல் சுல்கோவ்ஸ்கி பதவி இழந்தார், ப்ரூலுக்கு எதிரே நிற்க ஆளில்லை.

செய்தவர் யோகான் யோவாகிம் கென்ட்லர். சிற்பி. 1731இல் மைசெனுக்கு வந்தவர். கூட எபர்லைன், ஏடர் போன்ற உதவியாளர்கள். கருப்பொருள் தண்ணீர். ஜெர்மனில் ப்ரூல் என்ற சொல்லுக்குச் சதுப்பு நிலம் என்று பொருள். பிரபுவின் பெயரையே சிலேடையாக்கி மேசை முழுவதும் நீரோட விட்டார்கள். கென்ட்லர் சாக்சனியின் தலைநகரான டிரெஸ்டனில் அரண்மனையின் இயற்கைப் பொருள் சேகரிப்பில் மூன்று நாள் உட்கார்ந்து சிப்பிகளையும் சங்குகளையும் வரைந்து தள்ளினார். சூப் பாத்திர மூடியில் கடற்கன்னி, கைப்பிடிகளில் டால்பின், கிண்ணங்களில் சிப்பியின் வரி. தட்டின் நடுவில் உள்ள அன்னக் காட்சி அவர் கற்பனை அல்ல. வென்செஸ்லாஸ் ஹாலர் செதுக்கிய பறவைப் படம் ஒன்றிலிருந்து வழிவழியாக வந்தது.

லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இந்தத் தட்டை முதன்முதலாக நேரில் பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. நேர் எதிரே நின்றால் ஒரு வெள்ளைத் தட்டு. மேல் விளிம்பில் ப்ரூல், கோலோவ்ராட் என்ற இரு குடும்பங்களின் சின்னங்கள் சேர்ந்து வண்ணத்தில் (கோலோவ்ராட் அவர் மனைவியின் குடும்பம், 1734இல் திருமணம்), அங்கங்கே தூவினாற்போல் சில சின்னப் பூக்கள், ஓரத்தில் தங்கம். அவ்வளவுதானா என்று நகரப்போனபோது, பக்கவாட்டில் இரண்டடி தள்ளியதும் தட்டு உயிர் பெற்றது. சிப்பியின் வரிகள் நடுவிலிருந்து கதிர்போல் விரிகின்றன. அதன்மேல் இரண்டு அன்னங்கள் நீந்துகின்றன, பக்கத்தில் கோரைப்புல், ஒரு நாரை மீனைக் கவ்வி நிற்கிறது, இன்னொரு நாரை மேலே இறங்கி வருகிறது. எல்லாம் வெள்ளையில் வெள்ளை. புடைப்பு மெல்லிய கோடு அளவுக்குத்தான், மேற்பூச்சு கொஞ்சம் தடித்திருந்தால் அன்னத்தின் கழுத்து காணாமல் போயிருக்கும். இப்போது இதன்மேல் மின்விளக்கு அல்ல, நூறு மெழுகுவர்த்திகள் அசைகின்றன என்று நினைத்துப் பாருங்கள். தட்டில் தண்ணீர் அலையடித்திருக்கும். பிறகு அதன்மேல் குழம்பு ஊற்றுவார்கள் என்பது வேறு விஷயம்.

பூக்கள் ஏன் இவ்வளவு குறைவு என்பதற்குப் பின்னால் ஓர் அலுவலகச் சண்டையும் இருக்கிறது. ஹெரோல்ட் ஓவியர், அவருக்குத் தட்டு சமமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எங்கே வரைவது? கென்ட்லர் சிற்பி, அவருக்குத் தட்டே மண்சிற்பம். இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. அன்னத் தட்டில் ஹெரோல்ட் பக்கத்துக்கு மிஞ்சியது விளிம்பு மட்டும்.

எதற்கு 2,200 உருப்படி என்று கேட்கலாம். தொகுப்பு 100 பேருக்கு. ஆளுக்கு 22 வருகிறது. அக்காலத்துப் பிரெஞ்சு முறை விருந்தில் நம் பந்திபோல ஒரே இலையில் எல்லாம் முடியாது. ஒவ்வொரு சுற்றுக்கும் மேசை முழுவதும் பாத்திரங்களைச் சமச்சீராகப் பரப்புவார்கள், சுற்று முடிந்ததும் அத்தனையையும் எடுத்துவிட்டு அடுத்தது. தட்டும் மாறும். எலுமிச்சை, எண்ணெய், வினிகர், கடுகு வைக்கும் நடுமேசைத் தாங்கிகள், மெழுகுவர்த்தித் தண்டுகள், கடைசியில் தேநீர், காப்பி, சாக்லேட்டுக்குத் தனித்தனிக் கிண்ணங்கள் என்று எல்லாம் சேர்ந்த கணக்கு இது.

அந்த வீட்டு விருந்து எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி உண்டு. டிரெஸ்டனில் பிரிட்டிஷ் தூதராக இருந்த சார்லஸ் ஹான்பரி வில்லியம்ஸ் 1748இல் எழுதிய கடிதத்தில், ப்ரூல் வீட்டில் ஒரே மேசையில் 206 பேர் உட்கார்ந்ததைச் சொல்கிறார். இனிப்பு வந்தபோது, நான் இருப்பது தோட்டத்திலா நாடக அரங்கிலா என்று தெரியவில்லை என்கிறார். மேசை நடுவில் ரோமின் நவோனா சதுக்க நீரூற்றின் மாதிரி, 8 அடி உயரத்தில், விருந்து முடியும் வரை பன்னீர் ஓடிக்கொண்டே இருந்ததாம். முன்பெல்லாம் இந்த மேசை அலங்காரப் பொம்மைகளைச் சர்க்கரையிலும் மெழுகிலும் செய்வார்கள். மறுநாள் எறும்புக்குப் போகும். கென்ட்லர் அவற்றைப் பீங்கானாக்கினார். இன்று ஏலங்களில் லட்சக்கணக்கில் விலைபோகும் மைசென் பொம்மைகள் பிறந்தது அலமாரிக்காக அல்ல, இனிப்பு மேசைக்காக.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸில் வான்சேன் தொழிற்சாலை 1740இல் தொடங்கி 1756இல் செவ்ர் ஊருக்கு மாறியது. அவர்களிடம் வெகுகாலம் வெள்ளைக் களிமண் இல்லை; அரைத்த கண்ணாடிக் கலவை சேர்த்த மென்பீங்கான்தான். வண்ணம் அதில் அழகாக ஊறும், ஆனால் கத்தி பட்டால் கீறும், கொதிநீர் சில சமயம் விரிசல் விட வைக்கும். 1768இல் லிமோஜ் அருகே களிமண் கிடைத்த பிறகே நிஜப் பீங்கானுக்கு வந்தார்கள். இங்கிலாந்தின் செல்ஸி தொழிற்சாலைக்கு வழிகாட்டியதே மேலே சொன்ன ஹான்பரி வில்லியம்ஸுக்கு அன்பளிப்பாகக் கிடைத்த மைசென் தொகுப்புதான்; அதை இரவல் வாங்கி வைத்துக்கொண்டு நகலெடுத்தார்கள்.

1756இல் பிரஷ்யாவின் இரண்டாம் ஃபிரெடரிக் சாக்சனிக்குள் புகுந்தார், ஏழாண்டுப் போர் மூண்டது. ப்ரூலின்மேல் அவருக்குத் தனிப்பட்ட வெறுப்பு. 1758இல் ப்ரூலின் ஃபோர்ட்டன் மாளிகை எரிக்கப்பட்டது. ப்ரூல் 1763இல் இறந்தார். தொகுப்பு குடும்பத்தோடு ஃபோர்ட்டனிலேயே தங்கியது. இடையில் சில உருப்படிகள் கைமாறி அருங்காட்சியகங்களுக்குப் போயின. மற்றவை அங்கேயே இருந்தன, 1945 வரை. இரண்டாம் உலகப் போரின் முடிவில் அந்த மாளிகை படையினர் கையில் சிக்கியபோது, சுமார் 200 ஆண்டுகள் தாங்கிய தொகுப்பின் பெரும்பகுதி நொறுங்கியது. அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது, பெயர் ப்ரோடி. வெள்ளியாக இருந்திருந்தால் அது 1945 வரை வந்திருக்குமா என்பதே என் சந்தேகம். ஏழாண்டுப் போரிலேயே யாராவது உருக்கியிருப்பார்கள்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம், படம் பார்த்துவிட்டு யாராவது வாங்கக் கிளம்பினால். மைசென் தொழிற்சாலை இதே அன்ன வடிவத்தைப் பிற்காலத்திலும் செய்தது, இன்றும் செய்கிறது. பின்புறம் நீலத்தில் குறுக்கு வாள்கள் இருப்பது மட்டும் ஆதாரமாகாது. 1720களின் தொடக்கத்திலிருந்து அவர்கள் போடும் அடையாளம்தான் அது. முதலில் விளிம்பைப் பாருங்கள். இரு குடும்பச் சின்னங்கள் இல்லாமல் வெறும் வெள்ளையாக இருந்தால், பெரும்பாலும் அது ப்ரூல் வீட்டு மேசையைப் பார்த்ததில்லை. சின்னங்கள் இருந்தால் தரகரை நம்பாமல் ஓர் அருங்காட்சியக ஆளிடம் காட்டுங்கள், ஏனென்றால் சின்னத்தையும் பின்னால் யாரும் வரைந்து சுடலாம்.